கணக்கப்பிள்ளை பாக்கெட்டில் பாதி மெமரி

கட்டைவிரல் நகத்தால் இரண்டு முறை சுரண்டிப் பார்த்துவிட்டு, "பட்டை ரொம்ப மெல்லிசா இருக்குங்களே மொதலாளி" என்றார் செல்லையா கணக்கப்பிள்ளை. யட்டியாந்தோட்டை பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மர்சூக், கண்ணாடி மேசைக்கு மேலாக எட்டி அவர் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டார். அது பட்டையும் அல்ல, மரமும் அல்ல. கம்ப்யூட்டருக்குள் பொருத்தும் மெமரித் துண்டு. சீப்பு நீளத்தில் ஒரு பச்சைத் தகடு, மேலே கறுப்புச் சதுரங்கள், அடியில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். அந்தப் பற்களைத்தான் கணக்கப்பிள்ளை சுரண்டிக்கொண்டிருந்தார்.

சுரண்டிப் பார்க்காமல் அவர் எதையும் வாங்கியவர் அல்லர். தேங்காய், செருப்பு, குத்துவிளக்கு எல்லாவற்றிலும் அந்த நகம் பட்டிருக்கிறது. பெண் பார்க்கப் போன வீட்டின் கதவையும் சுரண்டிப் பார்த்தார் என்று அவருடைய மனைவி வெள்ளையம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். ரப்பர் மரத்தில் பட்டை எவ்வளவு தடிப்பு, கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்று நகத்தாலேயே அறிந்து பிழைத்த மனிதர். யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்தில், கீழ்ப் பிரிவின் ஆட்களையும் மரங்களையும் மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை. தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே தோட்டத்தை நிர்வகிக்கும் துரை பத்திரிகை படிக்கிறவர்.

காக்கி அரைக்கால்சட்டை, அட்டைக் கடிக்காக முழங்கால் வரை இழுத்துக் கட்டிய காலுறை, இடது பக்கத்தில் பெரிய பாக்கெட் வைத்த சட்டை. இந்தக் கோலத்தில்தான் மலைக்கும் போவார், பஜாருக்கும் வருவார். பேச்சை எப்போதும் "ஹரி, நான் சொல்றேன் கேளுங்க" என்று ஆரம்பிப்பார். ஹரி என்றால் சிங்களத்தில் சரி. அதற்குப் பிறகு நாம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

கம்ப்யூட்டர் அவருக்கு அல்ல. கடைசி மகள் கிருஷ்ணகுமாரிக்கு. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்து, அவிசாவளைக்குப் பஸ்ஸில் போய் வந்து கம்ப்யூட்டர் படித்த பெண். தமிழில் பக்கம் அமைப்பதில் கெட்டிக்காரி. படிப்பு முடிந்ததும் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. பெரியம்மா மகள் ஷாமிளா கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, போர் மறுபடி மூண்டிருந்தது. கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகளை எந்தச் சந்தியில் நிறுத்துவார்கள், எந்த வீட்டுக் கதவை எப்போது தட்டுவார்கள் என்று யாருக்கும் தெரியாத காலம். மகள் கொழும்புக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் செல்லையாவின் வேண்டுதல். வீட்டிலேயே ஒரு மிஷின் இருந்தால் வேலை வீட்டுக்கு வரும் என்று நினைத்தார். இதுவரை அவர் நினைத்ததில் ஒரு பிழையும் கிடையாது.

மற்றச் சாமான்களையெல்லாம் ஒரே நாளில் தேர்ந்தெடுத்தார். திரை பெரிதாக இருக்க வேண்டும், பெட்டி கறுப்பாக இருக்கக் கூடாது, விசைப்பலகைச் சத்தம் வெள்ளையம்மாவின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது, முடிந்தது கதை. மெமரியில்தான் வண்டி நின்றது. ஐந்நூற்றுப் பன்னிரண்டு அளவில் ஒரே துண்டாகப் போடலாம், அல்லது இருநூற்று ஐம்பத்தாறு அளவில் இரண்டு துண்டாகப் போடலாம் என்று மர்சூக் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். வியாபாரத்தில் தான் சொன்ன வார்த்தைகளில் மிகவும் வருந்தியது இதற்காகத்தான் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

ஒன்றா, இரண்டா என்று கேட்டுக்கொண்டு செல்லையா சனிக்கிழமை தோறும் பஜாருக்கு இறங்கினார். தபால்காரரைக் கேட்டார். தோட்டத்து மருந்துக்காரரைக் கேட்டார். முடி வெட்டுகிறவரைக் கேட்டார். அவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, ஒன்றே போதும் என்றார். அதனால் இரண்டு என்ற எண்ணம் செல்லையாவுக்கு வலுப்பட்டது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவன், என்னையும் விடவில்லை. உங்கள் மகளுக்குத்தான் இதெல்லாம் தெரியும், அவளைக் கேளுங்கள் என்றேன். நான் ஏதோ நகைச்சுவை சொல்லிவிட்டதாக எண்ணிச் சிரித்துவிட்டுப் போனார்.

குமாரி ஒரே பெரிய துண்டுதான் கேட்டாள். பக்கத்துப் பள்ளம் காலியாக இருக்கும், பின்னால் கையில் காசு வரும்போது இன்னொன்று போட்டுக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. மர்சூக்கும் அதையே சொன்னார். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். சாமான் நல்லது என்று காட்டுவதற்காக, "அய்யா, இதுக்கு லைஃப்டைம் வாரண்டி. ஆயுசுக்கும் பயமில்ல" என்று சேர்த்துக்கொண்டார்.

"யாரு ஆயுசுங்க? ஒங்க ஆயுசா, எம் ஆயுசா, இந்தச் சாமானோட ஆயுசா?"

மர்சூக் துண்டின் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கம்பனிக்காரர்களுக்கே அது தெரியுமா என்று எனக்குச் சந்தேகந்தான். ஆயுளுக்கு உத்தரவாதம் என்று எழுதியிருந்தால் ஆயுள் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு முடிவும் இருக்கிறது என்று செல்லையா கண்டுபிடித்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை வந்து, இரண்டு துண்டாகப் போடச் சொன்னார். இந்த மனிதர் கடையை விட்டுப் போனால் போதும் என்ற நிலையில் இருந்த மர்சூக், ஏன் என்று கேட்கவில்லை. வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. தகப்பன் ஏதோ பெரிய யோசனையில்தான் இரண்டு வாங்கியிருக்கிறார் என்று குமாரி என்னிடம் பெருமையாகக்கூடச் சொன்னாள்.

மிஷின் வீட்டுக்கு வந்த மறுநாளே யோசனை வெளிப்பட்டது. அதிகாலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவர், திருகாணி கழற்றும் சாமானை எடுத்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்தார். இரண்டு துண்டுகளில் ஒன்றைப் பிடுங்கித் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். குமாரி பதறிப்போய்க் கேட்டாள்.

"ஹரி, நான் சொல்றேன் கேளு. இன்னைக்கு இது வேல செய்யட்டும். நாளைக்கு அது. ஒருநாள் விட்டு ஒருநாள். பட்டைன்னா அதான் மொற."

ரப்பர் மரத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இன்றைக்குப் பட்டையைச் சீவிப் பால் எடுத்த மரத்தை நாளைக்குத் தொடக் கூடாது. ஒருநாள் ஓய்வு. ஒரு பக்கத்துப் பட்டை தேய்ந்த பிறகுதான் அடுத்த பக்கம். ஆசைப்பட்டுத் தினமும் வெட்டினால் மரம் பால் சுரப்பதை நிறுத்திவிடும்; அப்புறம் விறகுக்குத்தான் ஆகும். செல்லையாவின் உத்தியோகமே மரங்களின் ஓய்வைக் காப்பதுதான். ஓய்வு நாளில் களவாக வெட்டப்பட்ட மரத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்லிவிடுவார்.

இந்த விடயத்தில் அவரை அசைக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு சின்னத்துரை, பால் நிறை காணாது, எல்லா மரத்தையும் தினமும் வெட்டுங்கள் என்று கட்டளை போட்டார். மேல் பிரிவில் வெட்டினார்கள். செல்லையா பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் முடியாது என்று நின்றார். வேலை போகும் என்றார்கள், நின்றார். அடுத்த வருடம் மேல் பிரிவில் பாதி மரம் வறண்டுபோனது. கீழ்ப் பிரிவில் பால் ஓடியது. சின்னத்துரைக்கு இடமாற்றம் வந்தது. நான் அவரை எவ்வளவு கேலி செய்தாலும் அந்த ஒரு காரியத்துக்காகக் கையெடுத்துக் கும்பிடுவேன். தொல்லை என்னவென்றால், அன்றையிலிருந்து அவர் எந்த விடயத்திலும் பிழை விட்டதில்லை. கேட்டால் அவரே சொல்வார்.

ஆகவே அவர் வீட்டில் எல்லாமே ஒருநாள் விட்டு ஒருநாள்தான். டோர்ச் லைட் இரண்டு. குழம்புச் சட்டி இரண்டு. குடை இரண்டு. எந்தச் சட்டிக்கு எந்தக் கிழமை என்று வெள்ளையம்மா மறந்துபோனால், அன்றைக்குச் சோற்றில் கை வைக்க மாட்டார். ரேடியோவின் பட்டரிகளுக்கும் ஓய்வு உண்டு. பல் செட் மட்டும் ஒன்றுதான் இருப்பதால் பாவம், அது நாள் முழுக்க உழைக்கிறது. இந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கும் இன்னொரு பிராணி செல்லையா. அவர் லீவு எடுத்து யாரும் பார்த்ததில்லை. காய்ச்சலோடும் பெரட்டுக்கு வருவார்.

மெமரி பட்டை இல்லை, தேயாது, அதற்குள் ஓடுவது மின்சாரம், இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் பெரிய வேலை செய்யலாம் என்று குமாரி பொறுமையாக விளக்கினாள். செல்லையா தலையாட்டிக்கொண்டே கேட்டார். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று நம்பி ஏமாந்தவர்கள் தோட்டத்தில் நிறையப் பேர். கடைசியில், மரத்துக்கும் வாய் கிடையாது, வலிக்கிறது என்று அதுவா வந்து சொல்லும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

குமாரியும் அவர் மகள்தானே. அலுமாரிச் சாவி எங்கே தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். தகப்பன் மலைக்குப் போனதும் இரண்டாவது துண்டை எடுத்துப் பொருத்தி வேலை செய்துவிட்டு, அவர் வருமுன் பழையபடி துணியில் சுற்றி வைத்தாள். நாலைந்து நாள் நன்றாக நடந்தது. ஒரு நாள் செல்லையா வீட்டுக்குள் வந்ததும் வராததுமாகத் துணியைப் பிரித்து, துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இளஞ்சூடு இருந்தது. களவாக வெட்டிய ஆளைப் பிடித்த முகத்தோடு மகளைப் பார்த்தார். மறுநாளிலிருந்து ஓய்வில் இருக்கும் துண்டு ஒரு பொலித்தீன் பைக்குள் போய், அவருடைய சட்டைப் பாக்கெட்டில் ஏறியது.

அப்படித்தான் ஒரு கம்ப்யூட்டரின் பாதி மெமரி, காலையில் புறப்பட்டு, ரப்பர் மலை எல்லாம் சுற்றி, பால் நிறுக்கும் இடத்தில் நின்று, சாயந்தரம் வியர்வையோடு வீடு திரும்பும் வழக்கம் உண்டாயிற்று. வழியில் யாராவது பாக்கெட்டைக் காட்டிக் கேட்டால், "கம்பியூட்டரோட பங்கு. இன்னைக்கு அதுக்கு லீவு" என்று கூச்சமில்லாமல் சொல்வார்.

மழை பெய்தால் இன்னும் விசேடம். மழையில் மரம் வெட்ட மாட்டார்கள். பட்டை நனைந்தால் பால் கலங்கிப்போகும். எனவே மழை நாளில் கம்ப்யூட்டருக்கும் வேலை கிடையாது. வானம் பாதியில் இருண்டால் வேலையைப் பாதியில் நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்புவார். அன்றைக்கு அதற்கு அரைப்பேர், அதாவது அரைநாள் வேலை. எங்கள் பக்கத்து மழையை அறிந்தவர்களுக்கு, குமாரிக்கு மிஞ்சிய நாட்கள் எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை இடி விழுந்து கோயில் ஒலிபெருக்கி கருகிப்போனது. செல்லையா வீட்டுக் கம்ப்யூட்டர் தப்பியது. அதோடு அவருடைய விஞ்ஞானத்துக்கு எதிராகப் பேச ஊரில் ஆளில்லாமல் போயிற்று.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள்ளும் அந்தப் பெண் திருமண அழைப்பிதழ்களும் துண்டுப் பிரசுரங்களும் செய்துகொண்டிருந்தாள். சின்ன வேலைகளுக்குப் பாதி மெமரி போதும். பஜாரில் அச்சகம் வைத்திருக்கும் ஸம்சுதீன் முதலாளிக்கு அவளுடைய கை பிடித்துப்போய்விட்டது. மாரியம்மன் கோயில் கும்பாபிஷேக மலரை அவளிடமே கொடுத்தார். நல்லபடியாக முடித்தால் தமிழ் வேலை எல்லாவற்றையும் இனி இந்த வீட்டுக்கே அனுப்புவதாகச் சொன்னார். நான் அந்த மலருக்குத் தலவரலாறு எழுதியவன். பிழை திருத்தும் பொறுப்பும் என் தலையில் விழுந்திருந்தது. அதனால் அந்த நாட்களில் செல்லையா வீட்டு முன்னறையில் எனக்கு ஒரு நாற்காலி நிரந்தரமாயிற்று.

மலர் என்றால் தலவரலாற்றுக்காக வருவது என்று நினைத்திருந்தேன். படங்களுக்காக வருவது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பரிபாலன சபைத் தலைவருக்கு முழுப் பக்கம், நிறத்தில். செயலாளருக்கும் முழுப் பக்கம். தலைவருடையதை விட ஒரு விரல் குறைவாக. பொருளாளர் தன் லொறியோடு நிற்கும் படம் கொடுத்திருந்தார். அம்மனுக்கு ஒரு மூலை மிஞ்சியது. ஒவ்வொரு படமும் எடை மிகுந்தது. ஒன்றைத் திறக்கக் கம்ப்யூட்டர் முனகும், இரண்டைத் திறந்தால் மூச்சுப் பிடித்துக்கொள்ளும்.

அச்சக முதலாளி வெள்ளிக்கிழமையைக் கெடுவாக வைத்தார். அதற்குள் பக்கங்கள் வராவிட்டால் அவிசாவளையில் ஓர் இடத்துக்குக் கொடுத்துவிடுவார். இனிமேல் வரப்போகும் வேலைகளும் அதே வழியில் போகும். அவரைக் குறை சொல்ல முடியாது, கும்பாபிஷேகத் தேதியைத் தள்ளிப்போட யாரால் முடியும். வெள்ளிக்கிழமை வரைக்குமாவது இரண்டு துண்டையும் விட்டுவைக்கும்படி குமாரி தகப்பனைக் கேட்டாள். அவசரம் என்று ஒரு காரணம் சொன்னதுதான் அவள் செய்த தவறு. செல்லையாவின் முகம் இறுகிவிட்டது.

"அவசரம்னு சொல்லித்தாம்மா மேல் பிரிவ அழிச்சாங்க. இது ஒனக்கு ஆயுசுக்கும் சோறு போடணும். நான் இருக்க மாட்டேன், இது இருக்கணும்."

இப்படிச் சொல்கிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது. எனக்குக் கோபமும் வந்தது, கோபிக்கவும் முடியவில்லை. மகளின் வாழ்நாள் முழுவதையும் பாக்கெட்டில் பத்திரப்படுத்திக்கொண்டு, இந்த வாரத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை, தலைவரின் பக்கத்தைத் திறந்தாள். நெற்றியில் திருநீறு தெரிந்தது. புருவம் வரை வந்தது. அதோடு நின்றுவிட்டது. நாங்கள் காத்திருந்தோம். வெள்ளையம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்து, அது ஆறி, மறுபடி கொண்டுவந்து வைத்தார். தலைவருக்குக் கண் திறக்கவேயில்லை. வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டாள். காலையிலிருந்து சேர்த்த பக்கங்கள் அத்தனையும் போய்விட்டன. குமாரி அழவில்லை. திரையைத் துணியால் மூடினாள். அடுத்த வீட்டுக்குப் போய் ஷாமிளாவுக்கு டெலிபோன் எடுத்துப் பேசிவிட்டு வந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பயணப் பையை இழுத்துத் துணி அடுக்கத் தொடங்கினாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த செல்லையா, பையைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"எங்கம்மா?"

"கொழும்புக்குப்பா. ஷாமிளாக்காகிட்ட பேசிட்டேன். நாளைக்குக் காலையில போறேன்."

"அப்ப இந்த மெசின யாரு பாக்குறது?"

"அது நல்லா ஓய்வெடுக்கட்டும்பா. நான் போயிட்டா ரெண்டு துண்டுக்கும் தெனமும் லீவுதான். ஆயுசுக்கும் இருக்கும்."

செல்லையா தலையாட்டினார். வழக்கமான தலையாட்டல்தான், ஆனால் அது நிற்காமல் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு கை கழுவாமலே மலைக்குத் திரும்பிவிட்டார். போட்டுவைத்த சோறு அப்படியே கிடந்தது.

வியாழக்கிழமை காலை நான் போனபோது, கொழும்பு பஸ் தவறிப்போயிருந்தது. வழிக்கு ரொட்டி சுட்டுத் தருகிறேன் என்று சொல்லி வெள்ளையம்மா விடியற்காலையில் மா பிசைய ஆரம்பித்தவர், இன்னும் பிசைந்துகொண்டிருந்தார். இந்த ரொட்டி முடிய இரண்டு நாளாவது ஆகும் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த பஸ்ஸுக்காகக் குமாரி புறப்பட்ட உடுப்போடு கதவோரம் உட்கார்ந்திருந்தாள். பை காலடியில் இருந்தது. என்னுடைய கையெழுத்துப் பிரதிகளை எல்லாம் ஒழுங்காகக் கட்டி, அவிசாவளைக்காரரிடம் கொடுக்கும்படி என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். நன்றாகப் படித்த பிள்ளையை வழியனுப்ப ஒரு வாத்தியாருக்கு ஏதாவது நல்ல வார்த்தை தெரிந்திருக்க வேண்டும். நான் பிரதிகளின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் செல்லையா வந்தார். மரங்களில் பால் இறங்கி, வாளிகளில் சேர்க்கும் நேரம். அந்த நேரத்தில் அவர் மலையை விட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. மேட்டிலிருந்து ஓடித்தான் வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. வாசலில் சப்பாத்தைக் கழற்ற மறந்து சேற்றுக் காலோடு உள்ளே நடந்தார். வெள்ளையம்மா அதைப் பார்த்தும் மாவிலிருந்து கை எடுக்கவில்லை. செல்லையா கம்ப்யூட்டருக்கு முன்னால் முழங்காலிட்டு, பாக்கெட்டிலிருந்து பொலித்தீன் பையை எடுத்தார். துண்டைச் சட்டை நுனியால் துடைத்தார். பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து, ஏற்கெனவே இருந்த துண்டுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு பெருவிரலாலும் அழுத்தினார். சின்னதாக ஒரு சத்தத்தோடு அது உட்கார்ந்தது.

தான் நினைத்தது பிழை என்று சொல்வாரோ என்று காத்திருந்தேன். ஆளைத் தெரிந்தும் அப்படி நினைத்தது என் முட்டாள்தனம்.

"ஹரி, நான் சொல்றேன் கேளு" என்றார் மகளைப் பார்க்காமல். "வெட்டிச் சாய்க்கப்போற மரம்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு ஓய்வு கெடையாது. ரெண்டு பக்கமும், தெனமும், மழ பேஞ்சாலும், காயிற வரைக்கும் எடுக்கலாம். அதுக்கும் மொற இருக்கு. இதையும் இனிமே அப்படி வச்சுக்க."

"காஞ்சு போயிட்டா என்னப்பா செய்வீங்க?"

"போகட்டும். நீ இரு."

அவர் கணக்கில் அது ஒரு கொலை. மகளின் காலம் முழுக்கச் சோறு போடவேண்டிய மிஷினை, அவள் கண் முன்னால் இருக்க வேண்டும் என்பதற்காக வெட்டுக்குக் கொடுத்துவிட்டார். எங்களுக்கெல்லாம் அது இரண்டாயிரத்து ஆறில் விற்ற ஒரு சாதாரண மெமரித் துண்டு. மர்சூக்கைக் கேட்டால், அது எங்கள் எல்லாரையும் விட அதிக காலம் இருக்கும் என்று சொல்லியிருப்பார். ஆனால் செல்லையா எழுந்து நின்றபோது, ஒரு நல்ல மரத்தை வெட்டச் சொல்லிச் சிவப்புக் குறி போட்டுவிட்டு வந்த மனிதரின் முகம் அவருக்கு இருந்தது. நான் சிரிக்கவில்லை.

குமாரி கதவோரம் இருந்து எழுந்து வந்தாள். துணியை எடுத்தாள், கம்ப்யூட்டரைப் போட்டாள். தலைவர் நெற்றி, புருவம், கண், மீசை, மாலை என்று தங்குதடையின்றி இறங்கி வந்து, முழுப் பக்கத்தையும் நிறைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். அந்த மனிதரின் முகத்தைக் கண்டு நான் அவ்வளவு சந்தோசப்பட்டது அந்த ஒரு நாள்தான். கட்டி வைத்த பிரதிகளை மறுபடி பிரித்துக் கொடுத்தேன். போய்விட்ட பக்கங்களை அவள் முதலிலிருந்து போடத் தொடங்கினாள்.

வேலை எங்கே நிற்கிறது என்று பார்க்க மத்தியானத்துக்குப் பிறகு ஸம்சுதீன் முதலாளியே ஆட்டோவில் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முடிந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். செயலாளரின் படத்தை மட்டும் விரலால் அளந்து பார்த்துத் திருப்திப்பட்டார். மிச்சப் பக்கங்களை நாளைக்கு அனுப்பினால் போதும் என்றார். படியிறங்கும்போது திரும்பி, "பள்ளிக்கூடத்துப் பொஸ்தக வேலையும் வந்திருக்கி. அதும் பிள்ளைக்கித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளையம்மா மாப் பிடித்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, கதவோரம் கிடந்த பையைத் தூக்கி உள்ளறைக்குக் கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

செல்லையா அன்றைக்கு மலைக்குத் திரும்பவில்லை. கங்காணியிடம் பார்த்துக்கொள்ளும்படி ஆள் அனுப்பிவிட்டார். அவர் பேருக்கு அன்றைக்கு அரைப்பேர்தான் விழுந்திருக்கும். மழைக்கு முந்திய புழுக்கம் வீட்டை நிறைத்திருந்தது. முன்னறையில் இருக்கும் ஒரே பிளக்கைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டதால் மின்விசிறிக்கு வழியில்லை. அவர் ஒரு முக்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பெட்டி மட்டை ஒன்றைத் தேடி எடுத்து, திறந்திருந்த பக்கத்துக்கு நேராக மெதுவாக விசிறத் தொடங்கினார். இரண்டும் சேர்ந்து பாடுபடுகிறதே, வேர்க்கும் என்று என்னிடம் விளக்கம் சொன்னார்.

குமாரி திரையிலிருந்து கண் எடுக்காமல் வேலை செய்துகொண்டிருந்தாள். ஒரு தடவை புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள். மட்டை ஒரு கணம் நின்றது. பிறகு, பெட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, அவள் பக்கம் விசிறத் தொடங்கியது. நான் கிளம்பும் வரை அது பெட்டிப் பக்கம் திரும்பவில்லை.